சுமை யார் தோளில்? நிரல்மொழிகள் வளர்ந்த கதை

1960களின் தொடக்கத்தில், பிரிட்டனின் எலியட் பிரதர்ஸ் நிறுவனத்தில் டோனி ஹோர் என்ற இளைஞர், எலியட் 503 என்ற கணினிக்காக அல்கால் 60 மொழியின் தொகுப்பியை உருவாக்கிக்கொண்டிருந்தார். மனிதர் எழுதும் நிரலைக் கணினியின் எண் கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருள்தான் தொகுப்பி. கம்பைலர் என்றால் பலருக்கும் சட்டென்று புரியும். ஹோர் அதில் ஒரு காவலை வைத்தார். நூறு இடங்கள் உள்ள ஒரு பட்டியலில் நூற்றோராவது இடத்தை நிரல் தொட முயன்றால், கணினி அங்கேயே நின்று பிழை என்று அறிவித்துவிடும். பட்டியலைத் தொடும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனை நடக்கும். அதனால் நிரலின் வேகம் சற்றுக் குறையும்.

பல ஆண்டுகள் கழித்து, வேகத்துக்காக இந்தச் சோதனையை அணைத்துவைக்கும் வசதி வேண்டுமா என்று வாடிக்கையாளர்களிடம் கேட்டார்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். எல்லை தாண்டும் பிழை அன்றாட வேலையின் நடுவே எத்தனை முறை நேர்கிறது என்பதை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். 1980இல், கணினித் துறையின் மிக உயரிய விருதான டூரிங் விருதின் ஏற்புரையில் ஹோர் இதை நினைவுகூர்ந்தார். இத்தனை காலம் ஆகியும் மொழிகளை வடிவமைப்பவர்களும் பயன்படுத்துபவர்களும் இந்தப் பாடத்தைக் கற்கவில்லையே என்று அச்சத்தோடு சொன்னார். அவர் அஞ்சியது எவ்வளவு சரி என்பது அடுத்த எட்டே ஆண்டுகளில் தெரிந்துவிட்டது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நிரல்மொழிகளின் வரலாற்றைப் பெரும்பாலும் ஒரு வம்சாவளியாகச் சொல்லிவிடுகிறார்கள்: இந்த ஆண்டு இந்த மொழி பிறந்தது, அதற்குப் பிறந்தது அந்த மொழி. தேர்வுக்கு அது உதவும். ஆனால் இத்தனை மொழிகள் ஏன் தேவைப்பட்டன என்ற கேள்விக்கு அதில் விடை கிடைக்காது. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொள்வது, மொழிபெயர்ப்பது, சரிபார்ப்பது என்ற மூன்று சுமைகளில் எதை மனிதர் சுமப்பது, எதை இயந்திரத்தின் தலையில் ஏற்றுவது? ஒவ்வொரு மொழியும் இந்தக் கேள்விக்கு அந்தந்தக் காலத்தின் பணமும் நினைவகமும் அனுமதித்த விடை. அப்படிப் பார்த்தால்தான் இந்த வரலாறு எனக்குப் பிடிபடுகிறது.

எல்லாச் சுமையும் மனிதர் மேல்

1946 பிப்ரவரியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். அதில் சுமார் 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. ஆனால் தாளில் எழுதி உள்ளே செலுத்தக்கூடிய நிரல் என்று ஒன்று அதற்கு இல்லை. ஒரு கணக்கைச் செய்ய வேண்டுமானால் கேபிள்களை ஓரிடத்திலிருந்து பிடுங்கி மற்றோரிடத்தில் செருக வேண்டும். நூற்றுக்கணக்கான விசைகளைத் திருப்பி வைக்க வேண்டும். புதிய கணக்குக்கு இயந்திரத்தைத் தயார் செய்யவே நாட்கள் ஆயின. அதைச் செய்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், பிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மேன். சுற்று வரைபடங்களைப் படித்தே அந்த இயந்திரத்தை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். பல ஆண்டுகள் இவர்கள் பெயர்களை யாரும் சொல்லவில்லை என்பதால்தான் ஆறு பெயர்களையும் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

1949 மே 6 அன்று கேம்பிரிட்ஜில் எட்சாக் கணினி ஓடத் தொடங்கியது. அது நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டது. டேவிட் வீலர் என்ற ஆராய்ச்சி மாணவர் அதற்கு வெறும் 31 கட்டளைகளில் ஒரு தொடக்க நிரல் எழுதினார். கூட்டலுக்கு ஓர் எழுத்து, கழித்தலுக்கு ஓர் எழுத்து என்று துளையிட்ட காகித நாடாவில் நிரலாளர் குறித்து அனுப்பினால், அந்தத் தொடக்க நிரல் அவற்றை இரும எண்களாக மாற்றி நினைவகத்தில் அடுக்கிவிடும். மனிதர் எழுத்தில் சொல்ல, இயந்திரம் தனக்குத் தானே மொழிபெயர்த்துக்கொண்டது. அளவில் சிறியதுதான், ஆனால் பின்னால் வந்த எல்லா மொழிகளின் விதையும் அந்த 31 கட்டளைகளுக்குள் இருந்தது.

எட்சாக் குழுவின் தலைவர் மாரிஸ் வில்க்ஸ், அந்த 1949 கோடையில் மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தபோது தமக்கு ஓர் உண்மை உறைத்ததாகப் பின்னாளில் எழுதினார்: மீதி வாழ்நாளின் பெரும்பகுதி, தாமே எழுதிய நிரல்களில் பிழை தேடுவதிலேயே கழியப்போகிறது. நிரல் எழுதத் தெரிந்தால் போதும், வேலை முடிந்தது என்று அதுவரை எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பிலடெல்பியாவில் பிறந்த இயந்திரம்

அடுத்த அடியை எடுத்துவைத்தவர் கிரேஸ் ஹாப்பர். கணிதப் பேராசிரியராக இருந்து அமெரிக்கக் கடற்படைக்கு வந்தவர். 1952இல் யுனிவாக் கணினிக்காக ஏ-0 என்ற நிரலை எழுதினார். முன்பே எழுதிவைத்த துணைநிரல்களை அவற்றின் எண்ணைச் சொன்னால் தேடி எடுத்து ஒன்றாக இணைத்துத் தரும் நிரல் அது. இன்றைய பொருளில் அது முழுமையான தொகுப்பி ஆகாது. ஆனாலும் கணினியே நிரல் எழுதும் என்றால் அன்று நம்ப ஆளில்லை. கணினிக்குக் கணக்குப் போடத்தான் தெரியும் என்று பதில் வந்தது.

ஹாப்பரின் அடுத்த யோசனை இன்னும் துணிச்சலானது. கணக்கர்களும் அலுவலக ஊழியர்களும் குறியீடுகளைக் கண்டு மிரளுகிறார்கள். அவர்கள் ஏன் ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதக் கூடாது? 1955இல் இதற்கான திட்டத்தைத் தம் நிறுவன மேலாளர்கள் முன் வைத்தபோது, ஆங்கிலத்தில் ஒரு மாதிரி நிரலைக் காட்டினார். கூடவே அதையே பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் காட்டினார். கணினிக்குச் சொல் என்பது ஓர் அடையாளக் குறி மட்டுமே, எந்த மொழிச் சொல்லாக இருந்தாலும் அதற்கு ஒன்றுதான் என்று விளக்குவதே அவர் நோக்கம். மேலாளர்கள் திகைத்துப்போனார்கள். பிலடெல்பியாவில் செய்த ஒரு நல்ல அமெரிக்கக் கணினிக்கு எப்படிப் பிரெஞ்சும் ஜெர்மனும் புரியும்? ஆங்கிலம் மட்டும்தான் என்று சமாதானப்படுத்தித் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்க மாதங்கள் ஆயின என்று ஹாப்பர் 1978இல் ஒரு மாநாட்டு உரையில் சொன்னார். நிரல்மொழிகளின் சொற்கள் ஏன் ஆங்கிலமாகவே இருக்கின்றன என்று யாராவது கேட்டால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். அதில் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது.

ஒரு காற்புள்ளியும் ஃபோர்ட்ரானும்

1953 கடைசியில் ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தம் மேலாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் வாதம் முழுக்க முழுக்கப் பணத்தைப் பற்றியது. ஒரு கணினி மையத்தில் நிரலாளர்களின் சம்பளச் செலவு, கணினிக்கு ஆகும் செலவுக்குக் குறையாமல் இருந்தது. போதாததற்குக் கணினியின் நேரத்தில் கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை பிழை தேடுவதிலேயே போனது. கூட்டிப் பார்த்தால் மொத்தச் செலவில் முக்கால் பங்கு வரை நிரல் எழுதித் திருத்துவதற்கே ஆனது. கணிதச் சூத்திரத்தை ஏறக்குறைய அப்படியே எழுதினால் இயந்திரமே கட்டளைகளாக மாற்றிக்கொள்ளட்டும் என்றார் பேக்கஸ். அப்படி உருவானது ஃபோர்ட்ரான்.

எதிர்ப்பு நிரலாளர்களிடமிருந்தே வந்தது. அதில் நியாயமும் இருந்தது. ஒவ்வொரு கட்டளையையும் கையால் செதுக்கி வேகம் சேர்த்தவர்கள் அவர்கள். அதற்கு முன் வந்த தானியங்கி முறைகள் எல்லாம் நிரலைப் பல மடங்கு மெதுவாக்கின. கணினி நேரம் பொன் விலை விற்ற காலத்தில் அதை யார் ஏற்பார்கள்? இது பேக்கஸுக்குத் தெரியும். அதனால் அவருடைய குழு மொழியை அழகுபடுத்துவதில் நேரம் செலவிடவில்லை. கைதேர்ந்த நிரலாளர் எழுதுவதற்கு நிகரான வேகத்தில் ஓடும் கட்டளைகளைத் தொகுப்பி உருவாக்க வேண்டும் என்ற ஒன்றிலேயே முழு உழைப்பையும் போட்டது. ஆறு மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலைக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வெளிவந்தபோது தொகுப்பி சுமார் 25,000 வரி இயந்திரக் கட்டளைகளாக இருந்தது. முன்பு ஆயிரம் கட்டளைகளில் எழுதியதை இப்போது ஐம்பது வரியில் எழுத முடிந்தது. வேகமும் பெரிதாகக் குறையவில்லை. சந்தேகப்பட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள்.

1957 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அருகே இருந்த வெஸ்டிங்ஹவுஸ்-பெட்டிஸ் அணுசக்தி ஆய்வகத்துக்கு ஒரு பெட்டி நிறையத் துளையட்டைகள் வந்து சேர்ந்தன. கையேடு எதுவும் உடன் வரவில்லை. ஃபோர்ட்ரான் தொகுப்பியாகத்தான் இருக்கும் என்று ஊகித்து, ஒரு சிறிய நிரலைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தார்கள். அச்சுப்பொறி ஒரே ஒரு செய்தியைத் தந்தது: இந்த வகைக் கட்டளையில் வலது அடைப்புக்குறிக்குப் பின் காற்புள்ளி விடுபட்டிருக்கிறது. காற்புள்ளியைச் சேர்த்து மறுபடி ஓட்டியதும் பக்கம் பக்கமாக விடைகள் வந்து விழுந்தன. ஃபோர்ட்ரானை வெளியே முதன்முதலில் பயன்படுத்தியவர்களின் அனுபவம் ஒரு பிழைச் செய்தியில் தொடங்கியது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. எங்கே தவறினாய் என்று இயந்திரம் மனிதருக்கு, மனிதரின் மொழியில், சரியான இடத்தைச் சுட்டிச் சொன்னது. வில்க்ஸ் மாடிப்படியில் உணர்ந்த சுமையில் ஒரு சிறு பகுதி அன்று கை மாறியது.

பைசா தவறாத மொழி

அறிவியலுக்கு ஃபோர்ட்ரான் கிடைத்துவிட்டது. சம்பளப் பட்டியல், சரக்கு இருப்பு, வங்கிக் கணக்கு ஆகியவற்றுக்கு? 1959 மே மாதம் பென்டகனில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கூட்டிய கூட்டத்தில் கணினி நிறுவனங்களும் பயனாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். ஒவ்வொரு நிறுவனத்தின் கணினிக்கும் ஒரு மொழி என்றால், இயந்திரத்தை மாற்றும்போதெல்லாம் நிரல்களை முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வணிக மொழி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஹாப்பரின் ஆங்கிலச் சொல் மொழியை அடித்தளமாகக் கொண்டு கோபால் உருவானது. 1960 டிசம்பரில் ஆர்சிஏ 501, யுனிவாக் 2 என்ற இரு வேறு நிறுவனக் கணினிகளில் ஒரே கோபால் நிரலை ஏறக்குறைய மாற்றமில்லாமல் ஓட்டிக் காட்டினார்கள். கோபால் தொகுப்பி இல்லாத கணினியை அரசு எளிதில் வாங்காது என்ற நிலை வந்ததும், அந்த மொழி எங்கும் பரவியது.

கோபாலைக் கணினி அறிஞர்கள் பலர் இளக்காரமாகவே பேசியிருக்கிறார்கள். வளவளவென்று எழுத வேண்டும், அழகில்லை என்பார்கள். அந்தப் பேச்சில் நான் சேரமாட்டேன். அது செய்யும் ஒரு வேலையைப் பாருங்கள். இன்று பெரும்பாலான மொழிகளில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வரும். கணினி எண்களை இரும முறையில் வைத்திருப்பதே காரணம். மூன்றில் ஒரு பங்கை நாம் 0.333 என்று முடிவில்லாமல் எழுதிக்கொண்டே போவது போல, பத்தில் ஒரு பங்கை இரும முறையில் முடித்து எழுதவே முடியாது. எங்கேயோ வெட்டித்தான் ஆக வேண்டும். ராக்கெட்டின் பாதையைக் கணக்கிட இந்த நுண்ணிய பிசகு பொருட்டல்ல. பல லட்சம் கணக்குகளுக்கு வட்டி போடும் வங்கியில் அது பைசாக்களாகச் சேர்ந்து, நாள் முடிவில் கணக்கு இடிக்கும். கோபாலில் ஓர் எண்ணுக்கு இத்தனை இலக்கம், புள்ளிக்குப் பின் இத்தனை இலக்கம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடலாம். கணக்கும் பதின்ம முறையிலேயே நடக்கும். கணக்குப்பிள்ளை பேரேட்டில் எழுதுவது போலவே இயந்திரமும் எழுதுகிறது. பைசாவைக் காக்கும் பொறுப்பை மொழியே ஏற்றுக்கொண்டது.

நினைவகத்தை மிச்சப்படுத்த, அக்கால நிரலாளர்கள் ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதினார்கள்: 1965க்கு 65. அந்த நிரல்கள் 2000 வரை உயிரோடு இருக்கும் என்று எழுதியவர்களில் பலர் நினைக்கவில்லை. இருந்தன. ஒய்2கே என்ற அந்தச் சிக்கலைத் தீர்க்கும் வேலை 1990களின் பிற்பகுதியில் இந்தியாவுக்குப் பெருமளவில் வந்தது. சென்னையிலும் பல இளைஞர்களின் முதல் மென்பொருள் வேலை, தாங்கள் பிறப்பதற்கு முன் யாரோ எழுதிய கோபால் வரிகளில் ஆண்டைத் தேடித் திருத்துவதாகவே இருந்தது. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்து அரசின் பழைய கணினிகள் திணறியபோது, நியூ ஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி கோபால் தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். அறுபது வயதான ஒரு மொழிக்கு இதைவிட வேறு சான்றிதழ் தேவையில்லை.

இதே காலத்தில் இன்னும் இரண்டு மொழிகள் பிறந்தன. 1958இல் எம்ஐடியில் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப், பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் தானே கூட்டிப் பெருக்கி மீட்கும் முறையை முதன்முதலில் தந்தது. இன்று ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அந்தத் துப்புரவுப் பணியால்தான் வாழ்கின்றன. 1960 ஜனவரியில் பாரிஸில் பதின்மூன்று பேர் கூடி இறுதி செய்த அல்கால் 60, ஒரு மொழியின் இலக்கணத்தைச் சூத்திரங்களாக எழுதிவைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியது. பேக்கஸ், அல்கால் அறிக்கையைத் தொகுத்த பீட்டர் நவுர் இருவர் பெயரால் வழங்கும் அந்த எழுத்துமுறைக்குப் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று பீட்டர் இங்கர்மேன் 1967இல் ஒரு கணினி ஆய்விதழுக்குக் கடிதம் எழுதினார். இலக்கணம் என்றாலே நூற்பாக்களை நினைக்கும் நமக்கு அந்தக் கோரிக்கை வியப்பாக இருக்காது.

சி: நம்பிக்கையின் விலை

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸ் இயங்குதளத்தை, அதாவது கணினியையும் அதில் ஓடும் நிரல்களையும் நிர்வகிக்கும் அடிப்படை மென்பொருளை, கட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் கையில் இருந்த பிடிபி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் நூற்றில் ஒரு பங்குகூட இராது. அதற்குள் இயங்குதளமும் இருக்க வேண்டும், நிரல்களும் ஓட வேண்டும். ஹோர் வைத்தது போன்ற காவல்களுக்கு அங்கே இடமில்லை. பிசிபிஎல், பி என்ற முன்னோர்களிலிருந்து 1972 அளவில் ரிச்சி செதுக்கி எடுத்த சி மொழி, இயந்திரத்துக்கு மிக அருகில் நின்றது. பட்டியலின் பெயர் என்பது அது தொடங்கும் நினைவக முகவரி. பத்தாவது இடம் என்றால் அந்த முகவரியிலிருந்து ஒன்பது அடி தள்ளி. அந்த இடம் பட்டியலுக்குள் இருக்கிறதா, பக்கத்து வீட்டில் நுழைந்துவிட்டோமா என்று மொழி கேட்காது. நிரலாளருக்குத் தெரியும் என்று நம்பிவிடும்.

அந்த நம்பிக்கையால் கிடைத்த பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. 1973இல் யூனிக்ஸின் மையப்பகுதியையே சி-யில் திருப்பி எழுதினார்கள். அதன் பிறகு ஒரு புதிய கணினிக்கு யூனிக்ஸைக் கொண்டுபோக, இயங்குதளம் முழுவதையும் முதலிலிருந்து எழுதத் தேவையில்லாமல் போனது. பின்னாளில் லினக்ஸ் மையப்பகுதியும் எண்ணற்ற கருவிகளின் உள்மென்பொருளும் சி-யிலேயே எழுதப்பட்டன. பைத்தானின் முதன்மை வடிவமே சி-யில் எழுதப்பட்டதுதான். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ஒரு தலைமுறையே டர்போ சி-யின் நீலத்திரையில்தான் நிரல் எழுதக் கற்றது.

1988 நவம்பர் 2. ராபர்ட் மோரிஸ் என்ற மாணவர் அனுப்பிய ஒரு நிரல் இணையத்தில் கணினிக்குக் கணினி தாவிப் பரவியது. அதன் வழிகளில் ஒன்று மிக எளிமையானது. யூனிக்ஸின் ஒரு சேவை, வெளியிலிருந்து வரும் எழுத்துகளைப் பெற 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. உள்ளே வருவது எவ்வளவு என்று அளக்கவில்லை. மோரிஸின் நிரல் 536 பைட் அனுப்பியது. மிகுதியான 24 பைட் பக்கத்து நினைவகத்தில் வழிந்து, கணினி அடுத்து எந்தக் கட்டளைக்குப் போக வேண்டும் என்பதையே மாற்றி எழுதியது. சுமார் 6,000 கணினிகள் பாதிக்கப்பட்டதாக அப்போது மதிப்பிட்டார்கள். அன்றைய இணையத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்று. அளக்காமல் எழுத்துகளை வாங்கும் அந்தச் செயற்கூறு சி மொழியின் தரவரையறையிலிருந்து அதிகாரபூர்வமாக நீக்கப்பட்டது 2011இல். இருபத்து மூன்று ஆண்டுகள்! 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெயரில் அதே குடும்பத்துப் பிழை இன்னொன்று வெளிவந்தது. இணையத் தகவல்களை மறைகுறியாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளிடம் ஒரு சிறு சொல்லை அனுப்பி, அது மிக நீளமான சொல் என்று பொய் சொன்னால், ஒரு கோரிக்கைக்கு 64 கிலோபைட் வரை தன் நினைவகத்தை அள்ளித் தந்தது. கடவுச்சொற்களும் மறைகுறியீட்டுச் சாவிகளும் அதில் கசிந்திருக்கலாம். இங்கேயும் குறை ஒன்றுதான்: யாரும் அளந்து பார்க்கவில்லை.

கவனமாக எழுதியிருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஏரியன் 5 ராக்கெட்டின் கதையைச் சொல்ல வேண்டும். அதன் வழிகாட்டு மென்பொருள் சி-யில் எழுதப்பட்டதல்ல. பாதுகாப்பையே நோக்கமாகக் கொண்டு வடிவமைத்த அடா மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர்கள் கவனக்குறைவானவர்களும் அல்லர். கணினியின் வேலைப்பளு குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது என்பதற்காக, ஆபத்துக்கு இடமிருந்த ஏழு மாறிகளில் நான்குக்கு மட்டும் காவல் வைத்து மூன்றை விட்டுவிட்டார்கள். முந்தைய ஏரியன் 4இன் பாதைக்கு அந்த மூன்றும் எல்லை மீறாது என்று கணக்கிட்டே விட்டார்கள். அதே மென்பொருள் ஏரியன் 5இல் ஏறியது. புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 1996 ஜூன் 4 அன்று, புறப்பட்ட சுமார் 37 விநாடியில், 16 பிட் இடத்துக்குள் அடங்காத ஓர் எண் வந்தது. வழிகாட்டுக் கணினிகள் செயலிழந்தன. ராக்கெட் திசைமாறி வானில் வெடித்துச் சிதறியது. நல்ல மொழி, நல்ல நிரலாளர்கள், வைக்காமல் விட்ட ஒரு காவல்.

இரவல் வாங்கிய நோட்டு

1990களில் வந்த மொழிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். இங்கே சுருக்கமாகக் கடந்துவிடலாம். 1991இல் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தானும், 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜாவாவும், அதே ஆண்டு நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் பத்து நாளில் முதல் வடிவம் கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட்டும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டன: எல்லையைச் சோதிப்பதும் பயன்படுத்தி முடித்த நினைவகத்தை மீட்பதும் இனி இயந்திரத்தின் வேலை. நினைவகமும் செயலியும் மலிவாகிவிட்டதால் இது கட்டுப்படியானது. ஆனால் இயங்குதளம், உலாவி, வாகனத்தின் கட்டுப்பாட்டுக் கருவி போன்ற இடங்களில் அந்தக் கூடுதல் செலவை ஏற்க முடியவில்லை. அங்கெல்லாம் சி-யும் அதன் வழித்தோன்றலான சி++உம் நிலைத்து நின்றன. காவலில்லாத பழைய கதவுகளும் திறந்தே கிடந்தன. தங்கள் மென்பொருளில் ஆண்டுதோறும் அடைக்கும் பாதுகாப்பு ஓட்டைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் 2019இல் கூறியது. குரோம் உலாவிக் குழுவும் 2020இல் ஏறக்குறைய அதே அளவைச் சொன்னது.

வேகத்தை விடாமல் காவலும் வைக்க முடியுமா? 2006இல் கிரேடன் ஹோர் தம் சொந்த முயற்சியாகத் தொடங்கி, மொசில்லா நிறுவனம் வளர்த்தெடுத்து, 2015 மே மாதம் முதல் நிலையான வடிவம் கண்ட ரஸ்ட் மொழி இதற்குப் புதிய வழி ஒன்றைக் காட்டியது. வகுப்பில் ஒரு மாணவியின் நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டுக்கு உரிமையாளர் ஒருவரே. அவர் அதை இரவல் தரலாம். படிக்க மட்டும் என்றால் ஒரே நேரத்தில் எத்தனை பேரும் பார்க்கலாம். எழுத வேண்டுமென்றால் ஒருவர் கையில் மட்டும் இருக்க வேண்டும். அப்போது வேறு யாரும் படிக்கவும் கூடாது. உரிமையாளர் நோட்டைத் தூக்கிப் போட்ட பிறகு அது இரவலில் இருக்கவும் கூடாது. நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ரஸ்ட் இந்த விதிகளை விதிக்கிறது. இந்தச் சோதனை நிரல் ஓடும்போது நடப்பதில்லை, தொகுக்கும்போதே நடந்துவிடுகிறது. விதி மீறினால் நிரல் உருவாகவே உருவாகாது. பட்டியலின் எல்லையை மட்டும் பெரும்பாலும் ஓடும்போது சோதிக்கிறது, அன்று டோனி ஹோர் செய்தது போலவே. இன்றைய தொகுப்பிகள் தேவையற்ற சோதனைகளைத் தாமே நீக்கிவிடுவதால் வேகம் அதிகம் குறைவதில்லை.

இதற்கும் விலை உண்டு. ரஸ்ட் கற்பவர்கள் முதல் சில மாதங்கள் தொகுப்பியோடு மல்லுக்கட்டுவார்கள். ஆனால் பலன் எண்களில் தெரிகிறது. ஆண்ட்ராய்டில் புதிய பகுதிகளை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுதத் தொடங்கிய பின், மொத்த ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 சதவீதமாக இருந்தது 2024இல் 24 சதவீதமாகக் குறைந்ததாக கூகுள் கூறியது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 மையப்பகுதியில் ரஸ்டுக்கு முதன்முதலாக இடம் கிடைத்தது. 2024 பிப்ரவரியில் அமெரிக்க வெள்ளை மாளிகையின் இணையப் பாதுகாப்பு அலுவலகம், இத்தகைய மொழிகளுக்கு மாறும்படி மென்பொருள் துறையை அறிக்கை வெளியிட்டு வலியுறுத்தியது.

நிரலையே செயற்கை நுண்ணறிவு எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி இப்போது எழுகிறது. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. எழுதும் சுமை இயந்திரத்துக்குப் போனால், தான் எழுதாத நூற்றுக்கணக்கான வரிகளைப் படித்துச் சரிபார்க்கும் சுமை மனிதருக்கு வந்து சேருகிறது. அப்போது கறாரான தொகுப்பி இன்னும் அதிகமாகத் தேவைப்படும்.

கடைசியாக, ஹாப்பரின் பிரெஞ்சு நிரலுக்குத் திரும்ப வேண்டும். எழில் என்று ஒரு நிரல்மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கியது; பைத்தானின் மேல் கட்டப்பட்டது; கட்டளைச் சொற்கள் எல்லாம் தமிழ். அதில் ஒரு சிறு நிரல் இப்படி இருக்கும்:

@( மதிப்பெண் >= 35 ) ஆனால்
    பதிப்பி "தேர்ச்சி"
இல்லை
    பதிப்பி "மீண்டும் முயல்க"
முடி

சொற்களை மட்டும் மாற்றியிருந்தால் இதில் சிறப்பு ஒன்றுமில்லை. முதல் வரியைப் பாருங்கள். ஆங்கில வழி மொழிகளில் நிபந்தனைச் சொல் முன்னால் வரும், நிபந்தனை பின்னால் வரும். தமிழில் நாம் அப்படிப் பேசுவதில்லை. மழை வந்தால், பஸ் கிடைத்தால் என்று நிபந்தனையைச் சொல்லிவிட்டுத்தான் ஆல் விகுதிக்கு வருகிறோம். எழில் அந்த வரிசையையே எடுத்துக்கொண்டது. உலகச் சந்தையில் எழிலுக்கு வேலைவாய்ப்பு இல்லை என்பது உண்மைதான். கற்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் நாள் தேவைப்படுவது வேலைவாய்ப்பும் இல்லை.

தமிழ்நாட்டில் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் சி++உம் பன்னிரண்டில் பைத்தானும் இருக்கின்றன. பாடநூல் தமிழிலும் கிடைக்கிறது. விளக்கம் தமிழ், நிரல் ஆங்கிலம். கட்டளைச் சொற்கள் சில டஜன்தான் என்பதால் அவற்றைப் பழகிக்கொள்ளலாம். நிரல் தவறும்போதுதான் சிக்கல். அடைப்புக்குறி விடுபட்டது, எழுத்தும் எண்ணும் கலந்துவிட்டது, பட்டியலின் எல்லை தாண்டிவிட்டது என்று திரையில் வரும் ஒவ்வொரு செய்தியும் ஆங்கில வாக்கியம். 1957இல் பெட்டிஸ் ஆய்வகத்தில் இருந்தவர்களிடம் காற்புள்ளி எங்கே போனது என்று இயந்திரம் அவர்கள் மொழியிலேயே சொன்னது. தமிழ்வழியில் படிக்கும் மாணவி, தன் பிழையைத் திருத்தும் முன் அந்த வாக்கியத்தைத் திருத்தமாக மொழிபெயர்த்தாக வேண்டும். அந்த வேலையை அவள் பாடத்தில் வரும் எந்தத் தொகுப்பியும் இன்னும் அவளுக்காக ஏற்றுக்கொள்ளவில்லை.